கௌதாரி டீச்சரின் சோதனை

கௌதாரி டீச்சருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். பருந்து வந்தால் ஓடி ஒளிவது நல்லதா, அசையாமல் கிடப்பது நல்லதா? தன் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. பாதிக் குஞ்சுகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது. மீதிக்குப் புல்லோடு புல்லாகக் கிடக்கக் கற்றுக்கொடுத்தது.

ஓடும் கூட்டத்துச் சின்னக் குஞ்சு ஒன்று மெல்ல வந்து, கிடக்கும் குஞ்சுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது.

"டீச்சர், எனக்கு ஓட பயமா இருக்கு. நானும் இங்கயே படுத்துக்கறேனே."

"அதெல்லாம் கூடாது. ரெண்டு கூட்டமும் கலந்தா முடிவு தப்பாயிடும். உன் இடத்துக்குப் போ!" என்று டீச்சர் கொத்தி விரட்டியது.

மரத்திலிருந்த அணிலுக்குப் பொறுக்கவில்லை. "நிஜமாவே பருந்து வந்துட்டா?"

"வந்தாத்தானே தெரியும்!"

வந்தது. தரையில் அதன் நிழல் மறுபடி மறுபடி விழுந்தது. ஓடிய குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டீச்சர் புதரை விட்டு வெளியே வந்தது. "கண்டுபிடிச்சாச்சு! கிடக்கறதுதான் சரி. பருந்து போயிடுச்சு, எழுந்திருங்க பிள்ளைகளா."

ஒரு குஞ்சும் எழவில்லை. குனிந்து பார்த்த டீச்சரின் நிழல் மேலே விழுந்ததும், அவை இன்னும் இறுக்கமாகத் தரையோடு ஒட்டிக்கொண்டன.