நாற்பதாவது சாறு

வட்டமாக இருக்க வேண்டிய உயிரணுக்கள் எல்லாம் வால் முளைத்துக் கிடந்தன.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வால்தான். உள்ளே டி.என்.ஏ. நொறுங்கினால்தான் அப்படி இழுத்துக்கொண்டு போகும்.

செடிச் சாறுகளில் எது டி.என்.ஏ.வை உடைக்கிறது என்று பார்ப்பது பதினான்கு வருடமாக அவள் பிழைப்பு. ஒரு சுற்றுக்கு நாற்பது சாறு. இந்தச் சுற்றில் முப்பத்தொன்பதும் பரம சாது. நாற்பதாவது மட்டும் இப்படி.

கண்ணாடித் தகட்டை மாற்றினாள். இன்னொன்றையும் மாற்றினாள். அதே வால்.

எட்டிப் பார்த்த ஆய்வகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி உடைக்கிற சரக்கு புற்றுநோய்க் கட்டியை மட்டும் விட்டுவைக்குமா என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பட்டியலில் இல்லையே, எங்கே பிடித்தாய் என்றார்.

ஒரு இடம் காலியாக இருந்தது, இழுப்பறையில் கிடந்த வேர்ப்பொடியைப் போட்டேன் என்றாள்.

ஆனால் தகட்டில் இருந்தவை புற்றுநோய் அணுக்கள் அல்ல. நோய்நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்தவை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

இவள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அக்கா, நானே பேசணும்னு இருந்தேன். நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டரும் உறுதியாச் சொல்லிட்டாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு... எல்லாம் நீ சோதிச்சுப் பார்த்துக் குடிக்கச் சொன்ன பொடியாலதான். இப்பவும் ரெண்டு வேளை விடாம குடிக்கிறேன்."



குழந்தை தங்கும் என்று யாரோ தங்கைக்குக் கொடுத்த வேர்ப்பொடி. அக்கா பார்த்துச் சொல்லாமல் வாயில் வைக்க மாட்டேன் என்று ஒரு பொட்டலத்தை இவளிடம் கொடுத்திருந்தாள். நாலைந்து தடவை போனில் கேட்டாள். வேலை கழுத்தைப் பிடித்த ஒரு நாளில் இவள், பார்த்தாச்சு, ஒன்றுமில்லை, தாராளமாகக் குடி என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏழு மாதம் இருக்கும்.

சந்தோஷத்தில் அழுகிறாயா என்று தங்கை கேட்டாள்.

"குடிக்காதேடி," என்றாள். "நான் இன்னைக்குத்தான் சோதிச்சேன்."