கன்னத்தில் ஒரு கிளாஸ்

மஞ்சரி எடுத்த படத்தின் மொத்தச் செலவு இரண்டு மாத வீட்டு வாடகைதான். பங்களா, மழை, ரயில் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே வரைந்துகொண்டது. நாற்பத்து மூன்று வேடங்களையும் அவள் கணவன் திருமூர்த்தி சமையலறையில் நின்றே நடித்துவிட்டான். முகங்களையும் குரல்களையும் இயந்திரம் மாற்றிக் கொடுத்தது.

ஒரு தப்பை மட்டும் இருவரும் கவனிக்கவில்லை. டீ கிளாசைக் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்த்த பிறகே குடிப்பது திருமூர்த்தியின் பழக்கம். படத்தில் கதாநாயகி, வில்லன், இன்ஸ்பெக்டர் எல்லோருமே அப்படித்தான் குடித்தார்கள். ரசிகர்களோ அதை ஸ்டைல் என்று கொண்டாடினார்கள். காங்கேயத்தில் ஐம்பதாவது நாளும் ஹவுஸ்ஃபுல். ஆனால் திருமூர்த்தியைத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு மஞ்சரியை அழைத்துப் போனான்.

"இன்னிக்கு ஒருத்தனாவது கண்டுபுடிச்சுருவான், பாரு."

கிளாசை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி மெதுவாகக் கன்னத்தில் ஒற்றினான். திரும்பிப் பார்த்தால் கடையில் இருந்த அத்தனை பேர் கன்னத்திலும் கிளாஸ் இருந்தது.

டீ மாஸ்டர் அவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த வில்லன் பண்ற மாதிரி வர்லீங்ணா. எதுக்கும் இன்னொருக்கா படத்தைப் பாத்துட்டு வாங்க."