நெடுக்கா, குறுக்கா?

“எனக்கு நெடுக்கவே வெட்டிடுங்க டாக்டர். நல்லா பெரிசா,” என்றாள் சலவைக்கடைக்காரி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கர்ப்பப்பையில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு, எடுத்தே ஆகவேண்டும் என்பதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது. எப்படி எடுப்பது என்பதில்தான் வந்தது வில்லங்கம். தொப்புளிலிருந்து கீழே நெடுக்காக ஒரு வெட்டு, அடிவயிற்றில் குறுக்காக ஒரு வெட்டு, இரண்டும் வேண்டாமென்றால் சின்னதாகத் துளை போட்டு கேமராவை விட்டு எடுப்பது. உனக்குத் துளையே போதும், தழும்புகூடத் தெரியாது என்று சொல்லி அவர் வாயை மூடவில்லை, இவள் இப்படிக் கேட்கிறாள்.

புருஷன்காரன் பதறிவிட்டான். துளை என்றால் சீக்கிரம் எழுந்துவிடலாமே என்று டாக்டரிடமே நியாயம் கேட்டான். அவன் கவலை அவனுக்கு. கடையில் ஹோட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஈர மூட்டையை மெஷினிலிருந்து இழுத்துத் தூக்க இவளை விட்டால் ஆளில்லை.

கூட வந்திருந்த மாமியார், அதே கடையின் மூலையில் கிழிசல் தைப்பவள். “எனக்கெல்லாம் நெடுக்கத்தான் கிழிச்சாங்க. அந்த வாரமே தையல் மெஷின் மிதிச்சேன்,” என்றபடி, அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். “இந்தக் காலத்துப் பொண்ணுக்குப் பொத்தான் ஓட்டை போதும் டாக்டர்.”

டாக்டரம்மா இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் இவள் பக்கம் திரும்பி, காரணத்தைக் கேட்டார்.

“என் ஓரகத்திக்குப் போன வருஷம் ஓட்டை போட்டுத்தான் எடுத்தாங்க. வயித்துல ஒண்ணுமே தெரியல. தெரியலைன்னதும் மூட்டை தூக்க விட்டுட்டாங்க. உள்ள தையல் விட்டுப்போய் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டு ஓடினோம்.” அவள் குரல் இறங்கியது. “பெரிசா கிழிச்சாத்தான் டாக்டர் எங்க வீட்ல நம்புவாங்க.”

வீட்டில் நம்பவேண்டும் என்பதற்காக வயிற்றைக் கிழிக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வெளியே எப்படி வெட்டினாலும் உள்ளே ஆற ஒன்றரை மாதமாவது ஆகும், அதுவரை பாரம் தூக்கக்கூடாது என்று புருஷனை அழைத்தும் சொன்னார். அவன் மண்டையை மண்டையை ஆட்டினான். ஓரகத்தியின் புருஷனும் இப்படித்தான் ஆட்டினான் என்பது இவளுக்கு ஞாபகம் வந்தது.

வண்டியில் ஏறும் நேரத்தில் மாமியார், கண்ணாடியை உள்ளே மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனாள். போனவளை ஆளையே காணோம். வண்டிக்காரன் ஹாரன் அடித்து அலுத்த பிறகுதான் வந்தாள்.

“நெத்தி மேலயே ஏத்தி விட்டுக்கிட்டு இவ்வளவு நேரம் தேடியிருக்கு பாரு,” என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆபரேஷன் துளை போட்டுத்தான் நடந்தது. ஆனால் மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். தொப்புளுக்குக் கீழே நெடுக, உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய கட்டு. டாக்டரம்மா காதருகே குனிந்தார். “உள்ள சின்னத் துளைதான். கட்டு மட்டும்தான் பெரிசு. வாராவாரம் நானே மாத்தி விடறேன். வேற யாரையும் பிரிக்க விடாத.”

கட்டு வேலை செய்தது. அதைப் பார்த்ததும் புருஷன் இரண்டடி பின்வாங்கினான். மறுநாளே ஓர் ஆளைப் பிடித்துக் கடையில் போட்டான். நன்றாக வெட்டிவிட்டார்கள் போல என்று வந்தவர்களிடமெல்லாம் அடிக்குரலில் சொன்னான்.

அவளுக்குப் பயமெல்லாம் மாமியாரை நினைத்துத்தான். எதிர்வாடையில் போகிறவனின் சட்டையில் ஒரு தையல் கோணியிருந்தாலும் பிடித்துவிடுகிற கண் அது. அந்தக் கண் போகும்போதும் வரும்போதும் கட்டின்மேலேயே நின்றது.

ஒருநாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, “தையல் எங்க இழுக்குது? நெடுக்கயா, குறுக்கயா?” என்று கேட்டாள்.

“நெ... நெடுக்க அத்தை.”

“ம்,” என்று போய்விட்டாள். இவள் போர்வையை இழுத்துக் கட்டை மூடிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வேலையாள் வரவில்லை. லாரியில் ஹோட்டல் மூட்டைகள் வந்து இறங்கின. புருஷன் கடையிலிருந்தே குரல் கொடுத்தான். “இன்னுமா ஆறலை? அம்மா, கட்டைப் பிரிச்சுப் பாரு. ஆறியிருந்தா எழுந்து வரட்டும்.”

மாமியார் கத்தரிக்கோலோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“வேண்டாம் அத்தை. டாக்டர்தான் பிரிக்கணும்.” இவள் கட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மாமியார் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். வியர்வையில் ஓரம் பெயர்ந்து தொங்கிய பிளாஸ்திரியைப் பிடித்து மெதுவாக உரித்தாள்.

வழவழவென்று வயிறு. பேனா முனையால் வைத்ததுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாக, காய்ந்துபோன சின்னப் புள்ளிகள்.

இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கதவுக்கு வெளியே புருஷனின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

“என்னம்மா, ஆறிடுச்சா?”

“ஆறறதாவது. பச்சைப் புண்ணாட்டம் இருக்கு,” என்றாள் மாமியார். “போய் நீயே தூக்கு போ.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மாமியார் ஊசிப் பெட்டியிலிருந்து புதுப் பிளாஸ்திரியை எடுத்தாள். மடித்துத் தைத்த துணியைப் படிய வைப்பதுபோல் கட்டைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

“கண்ணாடி எடுக்கிற சாக்குல உள்ள போய், கட்டைப் பெரிசா போடுங்கன்னு அந்த டாக்டரம்மாகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன், ஓரத்தை ஒழுங்கா ஒட்டியிருக்காங்களா பாரு.”