கரையட்டும்

நடுப்பகல் வெயில் சாப்பாட்டு மேசை மேல் கால் நீட்டிக் கிடக்கிறது. கசாப்புக் கடைக்காரரின் தட்டில் விரல் கனத்துக்குக் கொழுப்போடு வறுத்த இறைச்சி மினுமினுக்கிறது. பக்கத்தில் கசப்பு மூலிகைச் சாறு பாட்டில். அதன் மூடியைத் திறந்ததுமே ஜன்னலில் இருந்த ஈ மூன்று தரம் தும்மிவிட்டு வேறு வீடு பார்த்துப் போகிறது. துண்டுக்கு ஒரு ஸ்பூன் சாறு என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம். போன வாரம் பித்தப்பை வலியில் தரையில் உருண்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மனைவி எதிரே நிற்கிறாள். அவள் விடும் மூச்சில் உலை வைத்தால் சோறு வெந்துவிடும். "கொழுப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னார்ல?" "அதுக்குத்தானேம்மா இது. உள்ள போனதும் எல்லாத்தையும் கரைச்சிடும்." "உள்ள எதுக்குப் போகணும்? இங்கயே கரையட்டும். கரைஞ்சப்புறம் சாப்பிடுங்க." பாட்டிலைப் பிடுங்கித் தட்டில் கடைசிச் சொட்டு வரை கவிழ்க்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள். குழாய் சொட்டுவது கேட்கிறது. பச்சைச் சாற்றில் கொழுப்பு, குட்டையில் இறங்கிய எருமை மாதிரி அசையாமல் கிடக்கிறது. "கொஞ்ச நேரம் ஆகும்" என்கிறார் அவர், தட்டைப் பார்த்து. "ஆகட்டும். எனக்கு வேற வேலை இல்ல." அவருடைய கை மட்டும் தானாக வலது விலாவுக்குக் கீழே போய் அமுக்கிக்கொள்கிறது. அவள் இப்போது தட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்க்கிறாள்.