செல்லி வந்து போன வீடு

ஆஸ்பத்திரியில் டபுள் டியூட்டி முடித்து வசுமதி வீட்டுக்கு வந்தபோது, காலையில் போட்டது போட்டபடி விட்டுப்போன பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் கிடந்த துணி மடித்திருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் திறந்து கிடந்த பீரோ கண்ணில் பட்டது. நகைப்பெட்டியைக் காணோம்.

நம்பர் போட்டுத் திறக்கும் வாசல் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பீரோ சாவி வழக்கம்போல அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. போன வாரம் வாங்கிய புது வேலைக்கார ரோபோ மெஷின், பொருத்த ஆள் வராமல், உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நின்றது.

புருஷன் பரந்தாமனுக்குப் போன் போட்டாள்.

"பழைய மெஷினை, நம்ம செல்லியை, கடையில குடுத்தீங்களே, அதோட நினைவையெல்லாம் அழிச்சீங்களா?"

"அழிக்க ஒரு மணி நேரம் ஆகும்னான். ராகு காலம் வர்றதுக்குள்ள புதுசைக் கொண்டாரணும்னு நான் கிளம்பிட்டேன். ஏன்?"

"அதை வாங்கினவன் இன்னிக்கு நம்ம வீட்டுக்கு அனுப்பியிருக்கான்."

மேஜையில் ஃபிளாஸ்க் இருந்தது. திறந்து பார்த்தாள். டிகாஷன் தூக்கலாக, சர்க்கரை அரை ஸ்பூன், அவளுக்குப் பிடித்த அதே காப்பி.

போலீஸ் வந்தால் இதையும் தடயம் என்று எடுத்துப் போய்விடுவார்கள். வசுமதி முதலில் அதைக் குடித்து முடித்தாள்.