வில்லி சாகக் கூடாது

கதாநாயகி கையை ஓங்கிவிட்டாள்.

அறை இன்னும் விழவில்லை. அது நேற்று ஓங்கிய கை. அப்படியே தொடரும் போட்டுவிட்டு, இன்றைக்கு அந்தக் கையை மூன்று பக்கத்திலிருந்து காட்டி, மாமியார் முகம், மாமனார் முகம், எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்கிற டிரைவர் முகம் என்று ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள். பின்னால் தடதடவென்று மேளம் வேறு.

அடித்துத் தொலையேன் அம்மா. அடித்தால்தானே வில்லி வாயைத் திறப்பாள்.

நான் வில்லி கட்சி. இந்த சீரியல் பார்க்கிற அத்தனை பேரும் அவள் எப்போது ஒழிவாள் என்று காத்திருக்க, அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஜீவன் நான்தான். எனக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. ஏழு மணிக்கு மேல் லிப்டுக்குள் மாட்டிக்கொள்கிறவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். புதிதாக வந்த சூப்பர்வைசர் என்னை வில்லி ரசிகர் மன்றத் தலைவர் என்றே கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

போன வாரம் தம்ளர் மாறிப்போய், அவள் கலந்து வைத்த விஷம் அவள் கைக்கே வந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டிவிக்காரர்களுக்கே போன் போட்டு, அவளைக் கொன்றுவிடாதீர்கள் என்று வெட்கத்தைவிட்டுக் கெஞ்சினேன். போனை எடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கதை எங்கள் கையில் இல்லை என்றாள்.

சினிமா என்றால் இரண்டரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டு, எழுந்து போ என்று சொல்லிவிடுவான். சின்ன வயதில் விழுந்து விழுந்து படித்த காமிக்ஸ் புத்தகங்கள் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஆளாளுக்குத் தலைக்கு மேல் வட்டம் கட்டிக்கொண்டு பேசுகிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சீரியல் ஒன்றுதான் லேசில் முடியாது. அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் இந்த நேரம் பார்த்துத்தான் பாத்திரம் கழுவுகிறேன் பேர்வழி என்று குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அவள் தண்ணீரைக் கூட்டுவாள். ஒரு நாள்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. எனக்குக் கோபம் இல்லை. அவரவரால் முடிந்ததைத்தானே செய்ய முடியும்.

கடைசியில் அறை விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வில்லி பேசுகிற இடத்தை நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பது. நடிகையைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

"அடிச்சா போயிடுவேன்னு பாத்தியா? இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

எல்லா வில்லியும் பேசுகிற வசனம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நானே சொல்வேன். ஆனால் அந்த 'மாட்டேன்' என்பதை லேசாக இழுத்து நிறுத்தினாள் பாருங்கள். போதும். இன்றைய பொழுதுக்கு இது போதும்.

விளம்பரம். சோப்பு, பெயின்ட், மறுபடியும் சோப்பு.

திரும்பி வந்தபோது வில்லி மாடியறையில் கண்ணாடி முன்னால் தனியாக நின்றிருந்தாள். பழிவாங்கப் போகிறாளாம். நான் மறுபடியும் கண்ணை மூடினேன். அவள் பேச ஆரம்பித்தாள்.

யார் இது?

கண்ணைத் திறந்து பார்த்தேன். அதே நடிகை, அதே புடவை, கன்னத்தில் அதே விரல் தடம். பேசுவது வேறு யாரோ. கொஞ்சம் சின்ன வயதுக் குரல். பாவம், அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் பேசினாள்.

சமையலறையில் குழாய் நின்றது. அத்தனை தண்ணீர் சத்தத்திலும் மகளுக்குக் கேட்டிருக்கிறது. ஈரக்கையைத் துடைக்காமல் வந்து டிவியைப் பார்த்தபடி நின்றாள்.

"இது அம்மா இல்லப்பா."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யாரோ ஒரு நடிகை திரையில் வாயசைக்க, சின்ன இருட்டறையில் மைக் முன்னால் நின்று அழுவதும் சிரிப்பதும் சபதம் போடுவதும்தான் இவள் அம்மாவுக்கு வேலை. ஊரையே சபித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடிப்பாள். டிவியில் வருவதற்குப் பல வாரம் முன்னாலேயே பேசிக் கொடுத்துவிடுவார்கள். அவளை அடக்கம் செய்துவிட்டு நாங்கள் வீடு திரும்பிய அன்று சாயங்காலமும், பக்கத்து வீட்டு டிவியில் அவள் யாரையோ திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

எதுவரைக்கும் பேசி வைத்திருக்கிறாள் என்று ஸ்டூடியோவில் நான் கேட்கவில்லை. கேட்டால் நாட்களை எண்ண ஆரம்பித்துவிடுவேன். கடைசி நாள் தலைவலி தாங்காமல் பாதியில் எழுந்து வந்தாள். மீதியை நாளைக்குப் பேசித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம்.

அந்தப் பாதி இன்றைக்கு வந்துவிட்டது.

நடிகை மாறினால், இனி இவருக்குப் பதில் இவர் என்று திரையில் எழுதிப் போடுவார்கள். குரல் மாறினால் ஒன்றும் போடுவதில்லை. இந்நேரம் ஊர் முழுக்க எத்தனையோ வீட்டில் அதே வில்லியை அதே மாதிரி திட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நானும் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷத்துக்கும் தப்பிவிட்டாள், அறைக்கும் அசரவில்லை. இன்னும் பல வருஷம் இருப்பாள்.