மேல் அம்பு

எதிர்மாடியில் புது மென்பொருள் கம்பெனி ஒன்று வரப்போகிறது. பெயர்ப்பலகையை மாட்டிக் காகிதம் போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளி ஜன்னலைச் சாத்தினார்.

நாளைக் காலையில் பேருந்து நிறுவனத்துக்கு இருக்கை முன்பதிவு மென்பொருளை ஒப்படைக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு. பாதி அவர் எழுதியது, பாதி அவர் மனைவி எழுதியது. அவருடைய கம்பெனிப் பலகையில் மட்டும் மனைவி பெயருக்கு இடம் போதவில்லை. மொத்தமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பராமரிப்பது மனைவியின் தம்பி.

இன்று காலை மச்சினன் வருவதற்கு முன்பே முதலாளி அந்தக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் மேல் அம்பு விசையைத் தட்டினார். தட்டினால், முன்பு அடித்த கட்டளை திரும்பி வரும். மச்சினன் சொல்லிக்கொடுத்த வித்தைதான். வந்த வரியை இரண்டு தடவை படித்தார். யாரோ மொத்த மென்பொருளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்திருந்தார்கள்.

மச்சினனை விட்டால் அந்த வித்தையெல்லாம் தெரிந்தவன் வேறு யார்?

மத்தியானம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பதுங்கினார். மச்சினன் இருபுறமும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவு டிஸ்க்கை எடுத்துச் செருகி, ஏதோ அடித்தான்.

முதலாளி பாய்ந்துபோய் டிஸ்க்கைப் பிடுங்கினார்.

“என்ன மாப்ளே, எதிர்மாடிக்குக் கல்யாணச் சீரா?”

“பேக்கப் எடுக்கறேன் அத்தான். இது ஒன்னு படுத்துட்டா எல்லாம் போயிடும். சொந்தக் காசுல வாங்கின டிஸ்க்.”

“யாரைக் கேட்டு?”

“எத்தனை தடவை கேட்டேன்? ‘அப்புறம் பார்க்கலாம்’னே சொல்றீங்க. அதான் உங்களுக்குத் தெரியாம எடுத்தேன்.”

“பிடிபட்ட எவன்டா ‘திருடினேன்’னு சொல்லியிருக்கான்?” டிஸ்க்கை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். நொறுங்குவதற்கு அவர் எடை தாராளமாகப் போதும்.

சத்தம் கேட்டு மனைவி பக்கத்து அறையிலிருந்து வந்தாள்.

“உன் தம்பி லட்சணத்தைப் பாரு. ஏற்கெனவே ஒரு தடவை எடுத்திருக்கான். காலையில என் கண்ணால பார்த்தேன்.”

“இதுக்கு முன்னாடி நான் எடுக்கவே இல்ல அத்தான்.”

“எடுக்கலியா? இரு, காட்டறேன்.”

“அத்தான், அந்தத் திரையைத் தொடாதீங்க. காலையில குப்பை ஃபோல்டரைச் சுத்தம் பண்ணினேன், அந்த வரியும் அதுல…”

“ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?”

சுவரில் மச்சினன் ஒட்டிய தாள் இருந்தது. ‘எண்டர் தட்டும் முன் எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று பார்.’ கட்டடச் சாரத்தில் ஏறியவன் காலடியைப் பார்க்காமல் அடுத்த அடி வைப்பதில்லை. முதலாளி மச்சினன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே மத்தியானம் அடித்த வரியைத் தாண்ட மேல் அம்பை இரண்டு தட்டு தட்டி, முத்திரை குத்துவதுபோல் எண்டரையும் குத்தினார்.

வந்து நின்றிருந்த வரி: இங்கே இருப்பதையெல்லாம் கேட்காமல் அழி.

காலையில் அது நின்ற இடம் குப்பை ஃபோல்டர். இப்போது நின்றது மூன்று வருட உழைப்பின் நடுவில்.

கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்காதே என்றுதானே கட்டளை.

“போச்சு அத்தான்,” என்றான் மச்சினன்.

முதலாளி எழுந்து, நாற்காலிக்கு அடியில் கிடந்த தூளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். “மாப்ளே, இதை ஒட்டவைக்க முடியுமாடா?”

“அப்பளம் மாதிரி ஆக்கிட்டுக் கேட்கறீங்க.”

“நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? ஒரு நல்ல திருடனாவது இருந்திருக்கக் கூடாதா நீ?”

மனைவி கைப்பையைத் திறந்து டிஸ்க் ஒன்றை மேசைமேல் வைத்தாள். “மொத்தமும் இதுல இருக்கு. நேத்து எடுத்தேன்.”

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “என் குலதெய்வமே, பேக்கப்பா?”

“இல்லைங்க. எதிர்மாடிக் கம்பெனி என்னோடது,” என்றாள் மனைவி. “தம்பியை அப்படியே எடுத்துக்கறேன், உங்களை இன்டர்வியூ பண்ணித்தான் சொல்ல முடியும்.”